சூடு பார்க்கும் நேரம்

மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்த கடல்பாசி ஒரு வாரமாக வெளுத்துக்கொண்டே வந்தது. நாள்தோறும் காலை ஆறரைக்குப் படகில் வரும் தெர்மாமீட்டர், அன்றும் தண்ணீரில் முங்கி எழுந்தது.

"சூடெல்லாம் அளவாத்தான் இருக்கு. நீதான் ஒழுங்கா வளர மாட்டேங்கிற."

"மத்தியானம் வந்து பாருங்க ஐயா," என்றது பாசி. "தண்ணி கொதிக்குது. நுனியெல்லாம் ஒடிஞ்சு விழுது."

"தினமும் நேர்ல வந்து பாக்குற எனக்கே சொல்லித் தர்றியா?" என்று தெர்மாமீட்டர் கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் மிதவையில் வெறும் கயிறுதான் மிச்சம்.

"ஒரு நாளாவது மத்தியானம் வந்திருக்கலாமே," என்றது கயிறு.

"நல்லா சொன்ன போ," என்றது தெர்மாமீட்டர். "அந்தச் சூட்டுல தண்ணிக்குள்ள இறங்கினா என் உடம்பு என்னத்துக்கு ஆகும்?"