முப்பத்தொரு தாழ்ப்பாள்கள்

"காப்பியடிக்கிறதுன்னா முழுசா அடிக்கணும். இதென்ன அரைகுறையா?"

மேசை மேல் பரப்பிய முப்பத்தொரு படிவங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார் பேராசிரியர். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்த மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில், மின்விசிறியைக் குறைக்கச் சொல்லலாமென்று கையைத் தூக்கினார். துணைவேந்தர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இவர்தான் தர மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர். வளாகம் முழுக்க 'தரம் சார்'.

இந்தக் கூத்துக்கு விதை போட்டதும் அவரேதான். ஒவ்வொரு துறையும் தன் குறையைத் தானே எழுதி, அதைத் தீர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும் என்று படிவம் அனுப்பினார். நிரப்பும் முறையைக் காட்ட, முதல் வரியில் யாருக்கும் உறுத்தாத ஒரு கற்பனைக் குறையைப் போட்டு வைத்தார்: 'பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.' பக்கத்துக் கட்டத்தில், 'ஒரே வாரத்தில் பொருத்தப்பட்டது.' மேலே 'மாதிரி' என்று போடத்தான் மறந்துவிட்டார்.

முப்பத்தொரு துறையிலிருந்தும், அந்த வரிக்குக் கீழே அதே குறை கையால் எழுதப்பட்டுத் திரும்பி வந்தது. தாழ்ப்பாள், தாழ்ப்பாள், தாழ்ப்பாள். எழுதியதற்குப் பக்கத்துக் கட்டம் மட்டும் எல்லாவற்றிலும் காலி.

நாளை காலை ஆய்வுக்குழு வருகிறது. சான்றிதழ் இந்தத் தடவை கை நழுவினால் இன்னும் மூன்று வருடம் தவம் கிடக்க வேண்டும். இதைப் பார்த்தால் குழுவினர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஊர் திரும்புவார்கள்.

தொலைபேசியை எடுத்தார். வேதியியல் தலைவர், நீங்கள் அனுப்பியதுதானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வரலாற்றுத் தலைவர் எந்தப் படிவம் என்று கேட்டார். எல்லாத் துறையிலும் ஆபீஸ் அம்மாக்கள்தான் நிரப்புவார்கள், தலைவர்களுக்குக் கையெழுத்து போடுகிற வேலைதான் என்றார். கணிதத் தலைவர், முப்பத்தொன்றும் ஒன்றுபோல இருப்பதுதானே தரம் என்று சிரித்தார்.

ரிசீவரை வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால், அவருடைய டைப்பிஸ்ட்டும் பக்கத்து மேசைக்காரியும் சேர்ந்தாற்போல எழுந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேருமா எங்கம்மா கிளம்பிட்டீங்க? நம்ம பிரிவோட குறைன்னு நான் என்ன எழுதியிருக்கேன், பாக்கலையா?"

அவர் யோசித்து யோசித்து எழுதிய குறை அது: 'பெண் ஊழியர்கள் அரட்டைக்காக எப்போதும் இருவர் இருவராக எழுந்து செல்வதால் வேலை நேரம் வீணாகிறது.'

"பாத்தேன் சார். நான்தானே டைப் அடிச்சேன்," என்றாள் டைப்பிஸ்ட். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பேராசிரியருக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. காலையிலிருந்து யாரைக் கேட்டாலும் மழுப்பல்தான். இவளாவது சொல்லட்டும்.

"சரிம்மா, இதை மட்டும் சொல்லு. முதல் கட்டத்தை அச்சு அசலா காப்பியடிச்சவங்க, ரெண்டாவதை மட்டும் ஏன் விட்டுட்டாங்க?"

டைப்பிஸ்ட் தோழியைப் பார்த்தாள். தோழி, சீக்கிரம் என்பதுபோல முழங்கையால் இடித்தாள்.

"யாரும் காப்பியடிக்கல சார். இங்க எந்தக் கட்டடத்துலயும் தாழ்ப்பாள் கிடையாது. பொருத்தியாச்சுன்னு பொய் எழுத எங்க யாருக்கும் மனசு வரல. ஒருத்தி உள்ள போனா, இன்னொருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும்ல சார்?"