இன்னும் ஒரு நாள்

சரியாக நாலு மணிக்கு உதுமாலெவ்வை சேர் பயிற்சிப் பட்டறையை முடித்துவிடுவார். ஆசிரிய ஆலோசகராக அவர் நடத்தும் பட்டறை எதுவும் இரண்டாம் நாளுக்குப் போகாது.

அவரோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்த பஸ்லியாவுக்கு அது பிடிக்கவில்லை.

“யுத்தம் முடிஞ்சி இப்பதான் திருக்கோவில் தமிழ் டீச்சர்மாரும் நம்மட முஸ்லிம் டீச்சர்மாரும் ஒண்டா இருந்து பாடம் தயாரிக்காங்க, சேர். நாளைக்கும் வைங்க எண்டு கேக்காங்க. வாசல்ல நிக்காங்க, பாருங்க.”

“வேணாம் புள்ள. வீட்ட போகச் சொல்லுங்க.”

அவள் விடவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துவந்து, அதற்குள் இருந்த கருத்துத் துண்டுகளை மேசையில் பரப்பினாள்.

“இது முந்தி நீங்க நடத்தின பட்டறை. பதினேழு டீச்சர்மாரும் ஒரே மாதிரி எழுதியிரிக்காங்க: ‘ஒரு நாள் போதாது, நாளைக்கும் வைங்க சேர்.’ இப்பிடி ஒரு பாராட்டு ஆருக்குக் கிடைக்கும்?”

“ஓம். கேட்டாங்க. வெச்சன்.”

“பிறகென்ன சேர்?”

“கடற்கரைப் பள்ளிக்கூடம். எல்லாரும் வெள்ளெனவே வந்திட்டாங்க. அவங்களுக்குக் காலைச் சாப்பாடு எடுக்க நான் கடலுக்குத் தூர இரிக்கிற சம்மாந்துறைக்குப் போனன்.”

பஸ்லியா ஒரு துண்டைத் திருப்பினாள். பின்பக்கத்தில் திகதி இருந்தது: 25.12.2004.

“அடுத்த நாள்… இருபத்தாறு,” என்றாள்.

“திரும்பி வரக்குள்ள பள்ளிக்கூடமும் இல்ல, ஆக்களும் இல்ல,” என்றார் சேர். “பதினேழு பார்சலும் சூடாத்தான் இரிந்திச்சி.”