கூண்டுக்குள் ஒரு பல்பு

பொழுது சாய்கிறது. தொட்டியிலுள்ள வெந்நீரில் வயிறு வரை அமிழ்ந்திருக்கிற சாம்பல் கோழியை எலக்ட்ரீஷியன் சிறகோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருக்கிறார். உள்ளே முட்டை சிக்கியிருக்கிறது. சூட்டில் தசை இளகினால் வழிவிடும். முட்டை வரும் இடத்தில் எண்ணெய் தடவும் மனைவி, "இன்னும் கொஞ்சம் முக்குடி, என் ராசாத்தி" என்கிறாள். கோழி முக்குகிறது, வால் ஏறி இறங்குகிறது. "ஓடு கட்டவும் சுண்ணாம்புச் சத்துதான் வேணும், முக்கித் தள்ளவும் அதேதான் வேணும். நாள் தவறாம முட்டை போட்டா, பாவம், உடம்புல என்ன மிஞ்சும்?" என்கிறார் அவர், யாரும் கேட்காமலே. "வெளிச்சம் நீண்டா முட்டை கூடும்னு கூண்டுல பல்பு மாட்டின மேதாவி யாராம்?" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அந்தப் பல்பின் கீழே மற்ற இரண்டு கோழிகளும் இன்னும் பகலென்று நம்பித் தரையைக் கிளறுகின்றன. சட்டென அவள் உள்ளங்கையில் ஓடில்லாத தோல்முட்டை ஒன்று நழுவி விழுகிறது. "வந்துடுச்சுங்க!" கோழியின் தலை அவர் மணிக்கட்டின்மேல் துவண்டு கிடக்கிறது. அதைத் துண்டில் கிடத்தி, கையை ஈரம் போகத் துடைத்து, எழுந்துபோய்ப் பல்பை அணைக்கிறார். இருட்டியதும் இரண்டு கோழிகளும் கம்பில் ஏறி அமர்கின்றன, நடுவில் சாம்பல் கோழியின் வழக்கமான இடத்தைக் காலியாக விட்டு.