ஒரே போன், நாற்பத்திரண்டு ரிப்போர்ட்

“போட்டிக் கம்பெனிக்காரன் வேலைதான் இது. ஆள் வெச்சுப் பண்றான்” என்று மேனேஜர் திரையைத் தட்டினார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கான ஆப் அது. இப்போதைக்கு ஆயிரம் பேருக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். நாளைக் காலை எல்லோருக்கும் போகிறது. யார் போனில் அது நின்று போனாலும், எதை அழுத்தியபோது நின்றது என்பது வரை தானாகவே இங்கே ரிப்போர்ட் வந்துவிடும்.

இந்த வாரம் வந்தவை நாற்பத்திரண்டு. எல்லாமே ஒரே போனிலிருந்து.

“நேரத்தைப் பாரும்மா. ஒம்பதரைக்கு ஆரம்பிக்கறான், அஞ்சரைக்கு முடிக்கறான். மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு வேற போறான். உடம்பு முடியாதவன் இப்படியா ஆம்புலன்ஸ் கூப்பிடுவான்? அந்த போனைத் தடுத்துட்டு எல்லா ரிப்போர்ட்டையும் அழிச்சுடு.”

“மாட்டேன் சார்” என்றாள் புரோகிராமர்.

“என்னது?”

“யாரு அனுப்பினா என்ன சார், சொல்றது அத்தனையும் நிஜம். பட்டனை வேகமா ரெண்டு தடவை அழுத்தினா ஆப் நின்னுடுது. என் போன்லயும் அழுத்திப் பார்த்துட்டேன். வீட்ல ஒருத்தர் மூச்சு விட முடியாம கிடக்கும்போது, யாரு சார் பொறுமையா ஒரே ஒரு தடவை அழுத்துவாங்க?”

“தப்பு கண்டுபிடிக்க ஆளே வேண்டாம், மெஷினே எல்லாத்தையும் சொல்லிடும்னு லட்சக்கணக்கில கொட்டி இதை வாங்கிப் போட்டேன். நீ அதை வெச்சே எனக்குப் பாடம் நடத்தறியா? நாளைக்கு ஆப் போகலைன்னா, நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“போறேன் சார். இதைச் சரி பண்ணிட்டுப் போறேன். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் ஆப் இந்த ரூமைத் தாண்டாது.”

மடியிலிருந்த பையை, போன மாதத்திலிருந்து காலியாகக் கிடக்கும் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு மறுபடி கீபோர்டில் கை வைத்தாள்.

மேனேஜருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. “உன்னை அப்புறம் வெச்சுக்கறேன். முதல்ல அவன் யாருன்னு பார்க்கறேன்.”

ரிப்போர்ட்டோடு வந்திருந்த நம்பரை மேசை போனில் அழுத்தி, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“யாருய்யா நீ? எந்தக் கம்பெனி உன்னை இதுக்கு வெச்சிருக்கு?”

ஒரு பெண்ணின் குரல், துளியும் பதறாமல் வந்தது.

“நம்ம கம்பெனிதான் சார். டெஸ்டிங்குக்கு ஆள் வேண்டாம்னு நீங்க அனுப்பிட்டீங்க, நான்தான் இன்னும் போகலை.”