சுண்ணாம்புக்கு அடியில்

சாரத்தின் மேல் முழங்காலிட்டு, கல்லில் வெட்டிய கடைசி எழுத்திலிருந்து பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தான் பஸ்தியேன்.

விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம். அதற்குக் கீழே, இருநூறு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த இரண்டு சொற்கள்: அல்லது மரணம்.

வெட்டியவர்கள் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள். அடுத்து வந்தவர்கள் பயந்துபோய்ப் பூசி மறைத்துவிட்டார்கள்.

மேயரம்மா கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். சனிக்கிழமை இந்தக் கட்டடம் ஓட்டலாகத் திறக்கிறது.

“அந்தக் கடைசி ரெண்டையும் மறுபடி பூசிடு பஸ்தியேன். தூங்க வர்ற இடத்துல சாவ எழுதி வச்சா எவன் ரூம் எடுப்பான்?”

“இருக்கட்டும் மதாம். நடந்ததத்தானே எழுதியிருக்கு.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையில் பாரம்பரியத் துறையின் கடிதம் இருந்தது. பூசி மூடினாலும் அது பாதுகாப்புதானாம். ஓர் எழுத்தும் சிதையக்கூடாதாம்.

எழுத்துக்கு இத்தனை காவல்! இதே கட்டடத்தில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியை மூன்று வருடத்துக்கு முன், பிரசவம் குறைவு என்று அரசாங்கத்தில் ஒரே கையெழுத்தில் மூடினார்கள். அடுத்த ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர். ஊரே தெருவில் இறங்கிக் கத்தியது. மேயரம்மாவும் கூடத்தான் கத்தினார். யார் காதிலும் விழவில்லை.

அந்த இரண்டு சொற்களும் திறந்தே கிடக்க வேண்டும், போகிறவன் வருகிறவன் எல்லாம் படிக்க வேண்டும். பஸ்தியேனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

சுண்ணாம்பைக் குழைத்தான்.

பூசுகிறவன் தன் பெயரையும் வருடத்தையும் உள்பூச்சில் கீறி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். என்றைக்காவது இதைச் சுரண்டப் போகிறவன் படிப்பான். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பஸ்தியேன் ஆணியை எடுத்தான்.

“பேரை எழுதிட்டியா? போ, இனி எரநூறு வருஷத்துக்கு உனக்குச் சாவே இல்ல!” பக்கத்துச் சாரத்தில் இருந்து சிரித்தான் ரெமி. வெளியூர்க்காரன், போன வாரம்தான் வேலைக்கு வந்தவன்.

பஸ்தியேன் ஆணியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் கீறியது தன் பெயரை அல்ல. எலொயீஸ் என்று தன் மகளின் பெயரைக் கீறியிருந்தான். அதற்குக் கீழே பிறந்த இடம்: நெடுஞ்சாலை, நாற்பத்தோராவது கிலோமீட்டர்.

பிறந்த தேதி, இறந்த தேதி என்று தனித்தனியாகக் கீற வேண்டியிருக்கவில்லை. ஒன்றே போதுமாக இருந்தது.

அதன்மேல் இரண்டாம் பூச்சை இழுத்து மூடினான்.