ஆறரைக்கு மேல் காது கேட்காது

“மெஷின் எங்கப்பா?”

கூடத்து நாற்காலியில் அப்பா பேப்பரில் மூழ்கியிருந்தார்.

“காது மெஷின் எங்கேன்னு கேட்டேன்.”

எதிர்வீட்டு நாய் குரைத்தது. அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலையிலிருந்து “பிரேக், பிரேக்” என்று கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணி வற்றித்தான் வீட்டுக்கு வருவாள். வந்ததும் இங்கே அடுத்த வகுப்பு ஆரம்பமாகும்.

அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, ஸ்டூலை இழுத்து அப்பாவின் முழங்காலை ஒட்டிப் போட்டு உட்கார வேண்டும். வலது காதருகே குனிந்து வார்த்தை வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டாரா என்று கேட்டு முடிக்க அரை மணி நேரம். நடுவில் அவர் பாட்டுக்கு, இன்றைக்கு யார் எந்தச் சுவரில் காரை மோதப் பார்த்தார்கள் என்று கதை வேறு கேட்பார்.

இதற்கா மெஷின் வாங்கியது?

அவரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. நாற்பது வருஷம் அச்சகத்து இரைச்சலில் நின்ற காது. “எனக்கு நல்லாத்தான் கேக்குது. உங்க எல்லாருக்கும் வாய்க்குள்ளயே பேசுற பழக்கம்” என்று சாதித்தவர்.

மெஷின் வந்த முதல் வாரம் நிம்மதியாகத்தான் போயிற்று. அவள் அடுப்படியிலிருந்தே கேட்டாள், அவர் கூடத்திலிருந்தே பதில் சொன்னார். “பாத்தீங்களா, எவ்வளவு சுலபமா இருக்கு” என்று போனைப் பார்த்துக்கொண்டே பாராட்டினாள்.

இரண்டாவது வாரம் கூத்து ஆரம்பித்தது. அவள் வரும்போது மெஷின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் தூங்கும். ஒரு நாள் “காது குறுகுறுங்குது” என்பார். மறுநாள் பேட்டரி போச்சு என்பார். அதற்கடுத்த நாள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினாள்.

“அப்பாவுக்கா கேக்கல? மத்தியானம் நான் மொட்டை மாடியிலேருந்து பேசினேன். டக்கு டக்குன்னு பதில் சொன்னாரே.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் கேட்கிற காது பெற்ற பெண்ணுக்கு மட்டும் அடைத்துக்கொள்கிறதா? ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மறுநாள் அரைநாள் லீவு போட்டு, அவரை மெஷின் வாங்கிய கிளினிக்குக்கு அழைத்துப் போனாள்.

“ரிப்பேரான்னு பாருங்க மேடம். ரிப்பேர் இல்லேன்னா இவருக்கு நீங்களே நல்லா எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா செவிடன் காதுல ஊதின சங்கு” என்றவள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிளினிக் பெண் மெஷினை வாங்கிக் கம்ப்யூட்டரில் இணைத்தாள்.

“மெஷின்ல ஒரு குறையும் இல்லீங்க. எப்ப போடுறாங்க, எப்ப கழட்டுறாங்கன்னு இதுவே குறிச்சு வெச்சுக்கும். அப்பா நல்லாவே போடுறாரு. காலையில எட்டு மணிக்குப் போட்டா சாயங்காலம் ஆறரைக்குத்தான் கழட்டுறாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் போடுறதே இல்ல.”

அவள் வேலைக்குக் கிளம்புவது எட்டு மணிக்கு. திரும்புவது ஆறே முக்காலுக்கு. ஞாயிறு விடுமுறை.

இவ்வளவு நேரம் இருந்த கோபம் போய் அழுகை வரப் பார்த்தது. அம்மா போனதிலிருந்து எட்டு வருஷமாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். அவர் கேட்கப் பிடிக்காதது அவள் குரலை மட்டும்தானா?

“என் பேச்சு அவ்வளவு கசக்குதாப்பா?” என்று நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

மெஷின் கம்ப்யூட்டரோடு கிடந்தது. அப்பா சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, அவர் முழங்காலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். வலது காதருகே குனிந்து வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள்.

“நான் வீட்டுல இருந்தா மட்டும் ஏம்ப்பா கழட்டுறீங்க?”

அப்பா கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையும் களவுமாக மாட்டிக்கொண்ட ஆளாகச் சிரித்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெஷின் இருந்தா அடுப்படியில நின்னே பேசி முடிச்சுடுற பாப்பா. இல்லேன்னாத்தான் இந்த மாதிரி பக்கத்துல வந்து உக்கார்ற.”