மூணாம் பட்டன்

"மூணாம் பட்டனை யாரு செட் பண்ணது?"

பின் சீட்டில் உட்கார்ந்தபடியே கேட்டார் முதலாளி. டிரைவர் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தான்.

வண்டி வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அது தெருவில் திரும்பினால் எதிரே ஒரு சைக்கிள்கூட வர முடியாது, அவ்வளவு பெரிசு. கதவைச் சாத்திவிட்டால் வெளியே உலகம் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். பின் சீட்டு இருக்கிறதே, அது முதுகைப் பிடித்துவிடும், இதமாகச் சூடேறும், காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். யார் எப்படிச் சாய்ந்தார்கள் என்பதைக்கூட அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பெற்ற பிள்ளைகூட அவ்வளவு கவனிக்காது.

அதற்கு ஆளுக்கொரு பட்டன். ஒன்றாவது முதலாளிக்கு, இரண்டாவது அவர் மனைவிக்கு. மூன்றாவதை, யாராவது பெரிய மனுஷன் ஏறினால் இருக்கட்டும் என்று விட்டு வைத்திருந்தார். அதில்தான் இப்போது விளக்கு எரிந்தது.

அமுக்கிப் பார்த்தார். சீட்டு கட்டில் மாதிரி நீண்டது. இடுப்புக்கு நேராக மட்டும் சூடு, முழங்காலுக்கு அடியில் ஒரு தூக்கல்.

"ஓஹோ. என்னை ஆபீஸ்ல இறக்கிவிட்டுட்டு வீட்டுக்கு வந்து, மத்தியானம் துரை இதுல படுத்துக்கறீங்களா?"

"நான் தூங்கலை சார்."

"அப்ப யாரு, பேயா?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். முதலாளிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ராத்திரி மனைவியிடம் சொன்னார். அவள் மூக்கைச் சுளித்தாள்.

"அதானே பார்த்தேன். ஒரு வாரமா வண்டிக்குள்ள ஒரே தைல வாசனை. இப்பவே அனுப்பிடுங்க."

"இரு. கையும் களவுமா பிடிச்சு அனுப்பறேன்."

மறுநாள் மத்தியானம் ஆபீஸிலிருந்து டாக்ஸி பிடித்து வந்து, தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார். சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி பூனை நடை நடந்து வந்தார். டிரைவர் வெளியே, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் அலறிப் புடைத்து எழுந்தான். முதலாளி அவனைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின் கதவைத் திறந்தார்.

உள்ளே வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார் முதலாளியின் அப்பா.

"அப்பா."

பெரியவர் திடுக்கிட்டு விழித்தார். "அவனைத் திட்டாதப்பா. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். ரூம் கட்டில்ல படுத்தா இடுப்பு உயிர் போகுது. இதுல சாஞ்சா அரை மணி நேரமாவது கண்ணசருது."

"வேற கட்டில் வாங்கித் தரேன்னு சொன்னேன்ல?"

"சொன்னே. போன வருஷமும் சொன்னே."

முதலாளியின் கண் அப்பாவின் மேல் இல்லை, சீட்டின் மேல் இருந்தது. "இது என்ன லெதர் தெரியுமாப்பா? தைலக் கறை பட்டா போகவே போகாது."

பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "யாரைக் கேட்டுடா திறந்தே? சாவியைக் கொடு."

"சார், பொண்ணு ஸ்கூல் போயிட்டிருக்கு. திடீர்னு நிறுத்தினா நான் எங்க போவேன்? இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார்."

"நம்பிக்கைத் துரோகிக்கு இங்க இடமில்லை. கிளம்பு."

பெரியவர் ஏதோ சொல்ல வந்தார். மகன் முறைத்த முறைப்பில் விழுங்கிக்கொண்டார். வண்டியின் படி ரொம்ப உயரம். அவர் இறங்குவதற்கு வேலை போன டிரைவர்தான் கை கொடுத்தான்.

இரண்டு வாரம் போயிற்று. முதலாளியின் மகனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை டிரைவருக்கு லீவு என்று ஒரு சின்ன காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நல்ல வசதி, நல்ல பேர். எதுவும் இன்னும் முடிவாகவில்லை. முதலாளி மட்டும் அதற்குள் "சம்பந்தி" என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார். இந்த இடம் கை நழுவிப் போய்விடக் கூடாதே என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல்.

வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இந்த விலைக்கு ஒரு வீடே வாங்கலாம் போலிருக்கே. அப்படி என்னங்க இருக்கு இதுல?"

இந்தக் கேள்விக்குத்தானே முதலாளி காத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஆடம்பரம்னுதான் நினைக்கிறாங்க, சம்பந்தி. எனக்கா வேணும் இதெல்லாம்? எங்கப்பாவுக்கு இடுப்பு வலி. படுத்தா தூக்கம் கிடையாது. அவருக்காகத்தான் வாங்கினேன்."

பட்டனை அமுக்கினார். சீட்டு பவ்யமாக நீண்டது.

"தொட்டுப் பாருங்க. இடுப்புக்கு மட்டும் சூடு, முழங்காலுக்கு அடியில தூக்கல். அவருக்கு எது இதம்னு பார்த்துப் பார்த்து நானே செட் பண்ணி வெச்சேன். தினமும் மத்தியானம் அரை மணி நேரம் இதுலதான் கண்ணசருவார். பெத்தவங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறோம், சொல்லுங்க."

முதலாளியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

வந்தவர் சீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"போன வாரம் எங்க வீட்டுல ஒரு டிரைவரைச் சேர்த்தோம்" என்றார் நிதானமாக. "பழைய இடத்துல ஏன் நிறுத்தினாங்கன்னு கேட்டேன். வீட்டுப் பெரியவரை வண்டியில தூங்க வெச்சதுக்காம். இடுப்புச் சூடு, முழங்கால் தூக்கல், எல்லாம் சொன்னான். அது யாரு வீடுன்னு மட்டும் எவ்வளவு கேட்டும் சொல்லலை. பெரியவரோட பிள்ளை பேர் கெட்டுடுமாம்."

கார் சாவியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க."